ஆயாவின் படிப்புக்கு யார் பணம் கொடுப்பது?

(கேளம்பாக்கத்தில் நிகழ்த்தப்பட்ட நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தோழர்களே, மாணவ நண்பர்களே, மையத்தைப் பூட்டிவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அங்கன்வாடி அம்மாக்களே,

இலக்கிய அரங்கின் நினைவு உரைக்கு அங்கன்வாடிப் பணியாளர்களின் பயிற்சி நிதி என்று நான் தலைப்புச் சொன்னதும் ஏற்பாட்டாளர்கள் கொஞ்சம் திகைத்தார்கள். "தோழர், இது சங்க மாநாட்டில் பேசுகிற விஷயம் ஆயிற்றே" என்றார் ஒருவர். சங்க மாநாட்டிலும் பேசத்தான் வேண்டும். ஆனால் இங்கே பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

நம் தன்வரலாறுகளை எடுத்துப் பாருங்கள். ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' பள்ளி முற்றத்தைக் கூட்டச் சொன்ன தலைமையாசிரியரைப் பேசுகிறது. பாமாவின் 'கருக்கு' மூன்றாம் வகுப்புப் பருவத்தைப் பேசுகிறது. நம் எழுத்தில் சாதியை முதலில் சந்திக்கும் இடம் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். அதற்கு முந்தைய மூன்று, நான்கு வயதை நாம் எழுதுவதில்லை, ஏனென்றால் அது யாருக்கும் முழுதாக நினைவில் இல்லை. ஆனால் எந்தப் பாயில் உட்காரலாம், யார் ஊற்றினால் தண்ணீர் குடிக்கலாம், யார் தூக்கினால் அழக்கூடாது என்பதெல்லாம் உடம்பில் ஏறுவது அந்த வயதில்தான். அப்போது நம் பக்கத்தில் இருந்தவர் ஒரு பெண். சில ஊரில் ஆயா, சில ஊரில் பால்வாடி டீச்சர். அவருக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள், அதற்கு யார் செலவு செய்தார்கள் என்ற கேள்வி நம் இலக்கியத்துக்கு வெளியே இருக்கிற கேள்வி இல்லை.

இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே கோவளம் சாலையில் போனால் உப்பளம். வடக்கே படூர், சிறுசேரி சிப்காட். தெற்கே தையூர், திருப்போரூர். பழைய மாமல்லபுரம் சாலை நெடுக மாண்டிசோரி என்று எழுதிய பலகைகள். அந்த வண்ணச் சுவர்களுக்குள் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுகிற அம்மா எந்தச் சேரியிலிருந்து, எந்தக் குடியமர்த்தப் பகுதியிலிருந்து வருகிறார் என்று உங்களுக்குத் தெரியும். செம்மஞ்சேரியிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் காலையில் பேருந்து ஏறி அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போகும் பெண்களில் பலர் அங்கே இன்னொருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அங்கன்வாடி திறந்திருந்தால் அங்கன்வாடி. இல்லையென்றால் பத்து வயது அக்கா.

அந்த மாண்டிசோரி என்ற சொல்லின் கதையைச் சொல்ல வேண்டும். மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போய்விட, படிக்கட்டுகளில் சுற்றித்திரிந்த தொழிலாளர் பிள்ளைகள் அவர்கள். முதலில் அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவர் அந்தக் கட்டடக் காவலரின் மகள். ஆசிரியப் பயிற்சி இல்லாத, அதே குடியிருப்புப் பெண். அந்தப் பெண்ணையும் அந்தப் பிள்ளைகளையும் வைத்துத்தான் அந்த முறையே உருவாயிற்று. 1939 நவம்பரில் மாண்டிசோரி நம் அடையாறுக்கு வந்தார். பிரம்மஞான சபையின் அழைப்பு. ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டதால் இத்தாலியர் என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை, 1946 வரை இந்தியாவில்தான் இருந்தார். இங்கிருந்து வண்டியில் போனால் ஒரு மணி நேரம் ஆகாத தூரம். சேரிப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்ட முறை, நம் சேரியைத் தாண்டிப் போய் இப்போது பலகையாகத் திரும்பி வந்து நிற்கிறது.

அதற்கும் முன்னால் அதே அடையாறில் இன்னொன்று நடந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் பஞ்சமர் பிள்ளைகளுக்காக முதல் இலவசப் பள்ளியைத் திறந்தார். அடுத்து வேறு சில பள்ளிகள் வந்தன. அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டுடன் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் ஏற்றது 1898. அந்தக் காலத்தில்தான் இந்தப் பள்ளிகளும் வளர்ந்தன. இவற்றை நடத்தியவர்களில் சாரா பாமர், ஆல்மா கோர்ட்ரைட் என்று இரண்டு அம்மையார்கள் கடல் கடந்து வந்தவர்கள். சென்னையின் பறையர் பிள்ளைகளுக்குக் கிண்டர்கார்டன் முறையைக் கொண்டுவந்தார்கள். கோர்ட்ரைட் 1906இல் அதைப் பற்றி ஒரு சிறு நூலே வெளியிட்டார். ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'பறையருக்கு எப்படிக் கற்பிக்கிறோம்'. அந்தத் தலைப்பின் தொனி நமக்கு இனிக்காது, அது கிடக்கட்டும். சிறு பிள்ளைகளோடு வேலை செய்வதற்குத் தனியாக ஒரு படிப்பு வேண்டும், அது சேரிப் பிள்ளைக்கும் வேண்டும் என்ற எண்ணம் இந்த நகரத்துக்கு நூற்றிருபது ஆண்டு பழையது என்பதற்காகச் சொல்கிறேன். அது தருமப் பணத்தில் நடந்தது. தருமம் நின்றால் படிப்பும் நிற்கும்.

அரசு எப்போது வந்தது? சுதந்திரத்துக்குப் பிறகு மெல்ல வந்தது. 1960களின் தொடக்கத்தில் இந்தியக் குழந்தைகள் நலக் குழு வழியாகப் பாலசேவிகா பயிற்சி. 1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு முன்பருவக் குழந்தைகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கிக் கடனில் ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. அதில் பணியாளரைத் தேர்ந்தெடுத்த விதம் எனக்குப் பிடிக்கும். அதே ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும், ஏழையாக இருந்தும் தன் குழந்தையை நல்ல ஆரோக்கியத்தோடு வளர்த்தவராக இருந்தால் முன்னுரிமை. அதாவது, இந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே ஓர் அறிவு இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு, அதன்மேல் பயிற்சி கொடுத்தார்கள்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. குழந்தைகள் மையங்கள் பெருகின. விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை என்றார்கள். ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிந்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தில் ஒன்று மாறியது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை, கஷ்டப்படுகிற பெண்ணுக்குக் கொடுக்கப்படும் உதவி என்று ஆகிவிட்டது. உதவிக்கு எதற்குப் பயிற்சி? உதவி வாங்குபவர் எப்படிச் சம்பளம் கேட்பார்? இன்றுவரை ஒன்றிய அரசு கொடுப்பதன் பெயர் மதிப்பூதியம். அதைக் கடைசியாக உயர்த்தியது 2018 அக்டோபரில். பணியாளருக்கு 3,000 ரூபாயிலிருந்து 4,500, உதவியாளருக்கு 1,500இலிருந்து 2,250.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். தொடக்க காலத்தில் மூன்று மாதமாக இருந்த வேலைப் பயிற்சி பின்னர் 26 வேலை நாளாகச் சுருங்கியது. இந்த நாட்களுக்குள் ஊட்டச்சத்து, தடுப்பூசி, எடை பார்ப்பது, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பது, கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பதிவேடுகள், முன்பருவக் கல்வி எல்லாம் அடங்க வேண்டும். பதிவேடுகள் என்று நான் சொன்னதும் பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். இப்போது அது கைப்பேசிச் செயலியாகவும் வந்திருக்கிறது.

2023 மே மாதம் ஒன்றிய அரசு 'போஷண் பி, படாயி பி' என்று ஒரு திட்டம் அறிவித்தது. ஊட்டச்சத்தும் வேண்டும், படிப்பும் வேண்டும் என்று பொருள். நல்ல பெயர். 13 லட்சம் பணியாளர்களின் பயிற்சிக்கு 600 கோடி ரூபாய் என்றார்கள். மாணவர்கள் கைப்பேசியை எடுத்து வகுத்துப் பாருங்கள். தலைக்கு 4,615 ரூபாய் வரும். அதில் பயிற்றுநர் செலவு, இடம், சாப்பாடு, பயணம், அச்சிட்ட புத்தகம் எல்லாம் உண்டு. பணியாளருக்கு முதல் சுற்றில் கிடைத்தது மூன்று நாள் பயிற்சி. மனித மூளை பெரும்பகுதி ஆறு வயதுக்குள் வளர்ந்துவிடுகிறது என்று அதே அரசின் தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயம் என்றும் அதே கொள்கை சொல்கிறது. தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் நடத்தலாம் என்று அடுத்த வரியிலேயே எழுதிவிட்டார்கள். பகல் முழுக்க இருபத்தைந்து பிள்ளைகள், மாலையில் செயலி, இரவில் தன் வீட்டு அடுப்பு. இந்தப் பெண் ஆறு மாதப் படிப்பை எந்த நேரத்தில் படிப்பார் என்று அந்த வரியை எழுதியவரிடம் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 54,439 மையங்கள் இருக்கின்றன. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமும் இருக்கிறது. மற்ற மாநிலங்களைவிட நாம் முன்னால் நிற்கிறோம், சிறப்புக் காலமுறை ஊதியம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2025இல் 7,783 பணியிடங்களுக்கு வந்த அறிவிப்பைப் பாருங்கள். பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, முதல் ஓராண்டு தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். குழந்தைக் கல்வியில் ஒரு நாள் படித்திருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. பொதுப் பணத்தில் அப்படி ஒரு படிப்பை எல்லோருக்கும் திறந்து வைக்காத அரசு எப்படி அதைக் கேட்க முடியும்?

படிப்பு வேண்டும் என்று அரசு நினைத்த சமயம் ஒன்று உண்டு. அப்போது என்ன செய்தது என்பது இன்னும் மோசம். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். அங்கே ஆண்டுக்கணக்கில் இருந்த பணியாளருக்குப் பயிற்சி கொடுத்து அவரை ஆசிரியராக்கவில்லை. இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். அந்த ஆசிரியர்களில் பலருக்கு அது தண்டனை மாறுதல் போல இருந்தது. 2022இல் வகுப்பையே நிறுத்தப் பார்த்து, எதிர்ப்புக் கிளம்பியதும் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிகச் சிறப்பாசிரியர்களை வைத்தார்கள். ஒரே கூரை. ஒருவர் டீச்சர், இன்னொருவர் ஆயாம்மா. கலவை சாதம் கிளறுவது ஒருவர், எழுத்து சொல்லிக்கொடுப்பது ஒருவர். இந்தப் பிரிவு நமக்குப் பழக்கமான பிரிவுதான்.

திருப்போரூர்ப் பக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: "பயிற்சி முடிச்சதும் குடுத்த சர்டிபிகேட்ட டிரங்குப் பெட்டியில வச்சிருக்கேன் தம்பி. அதக் காட்டி ஒரு பள்ளிக்கூடத்துலயும் ஒரு சீட்டுகூடக் கேக்க முடியாது." நான் இன்று சொல்ல வந்த விஷயம் முழுவதும் அந்தப் பெட்டியில் இருக்கிறது. இந்தப் பயிற்சி எதற்கும் ஏணியாக இல்லை. அதை வைத்துப் பட்டயத்துக்குப் போக முடியாது, ஆசிரியப் பயிற்சிக்குப் போக முடியாது, சம்பளம் கூடாது. திட்டத்துக்குத் தேவையான அளவு மட்டும் சொல்லிக்கொடுத்து, அவரை அதே இடத்தில் வைத்திருக்கும் பயிற்சி இது.

சட்டம் என்ன சொல்கிறது? 2006இல் உச்ச நீதிமன்றம் கர்நாடக வழக்கொன்றில் அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் இல்லை என்றது. 2022 ஏப்ரல் 25 அன்று குஜராத் வழக்கில் நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் ஓகா அமர்வு அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது. முன்பருவக் கல்வி கொடுக்கும் வேலை இது என்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. பதினாறு ஆண்டு ஆயிற்று, சேவையிலிருந்து வேலைக்கு ஓர் அடி நகர.

அரசியல் சட்டத்திலும் ஒரு நகர்வு நடந்தது, அது பின்னோக்கி. 1950இல் 45ஆவது பிரிவு, பதினான்கு வயது முடியும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்றது. கீழ் வயது வரம்பு அதில் இல்லை. மூன்று வயதுப் பிள்ளையும் அந்த வாக்கியத்துக்குள் இருந்தது. 2002இல் 86ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியபோது, ஆறிலிருந்து பதினான்கு என்று கோடு போட்டார்கள். ஆறுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு 'முயற்சி செய்யும்'. கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. செய்யலாம் என்ற சொல்லுக்கு நிதிநிலை அறிக்கையில் எவ்வளவு ஒதுக்குவார்கள்? 4,615 ரூபாய்தான்.

பாபாசாகேப் இதில் எங்கே நின்றார் என்று மாணவர்கள் கேட்பீர்கள். 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், ஆகவே அந்தச் சுமையின் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தார். சுரங்கங்களில் குழந்தைகள் காப்பகம் சட்டக் கடமையானது அந்தக் காலத்தில்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்வது தாயின் தனிப்பட்ட பாடு என்று அவர் விட்டுவிடவில்லை. நம் மேடைகளில் அவருடைய அரசியல் சட்டத்தைப் பற்றி எவ்வளவு பேசுகிறோம், இந்தக் காப்பகத்தைப் பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறோம்?

இனி சாதி. 2004 ஏப்ரல் 20 அன்று உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம், மதிய உணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை என்று உத்தரவிட்டது. 2006 டிசம்பரில், புது அங்கன்வாடிகளைத் திறக்கும்போது தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முதலிடம் என்றது. நாற்பது குழந்தைகள் இருக்கிற குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. உத்தரவு உத்தரவாக இருக்க, 2018 ஜூலையில் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் நம் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் பள்ளியை மறித்தார்கள். அவரை இடமாற்றம் செய்யவும் முதலில் அதிகாரிகள் துணிந்தார்கள். இப்படி ஒரு நாள் வந்தால் பணியாளர் என்ன செய்ய வேண்டும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் யாரிடம் எப்படிப் புகார் எழுத வேண்டும், தன் பிள்ளையை உதவியாளர் தொடக் கூடாது என்று ஒரு தாய் சொன்னால் என்ன பதில் சொல்வது? வளர்ச்சி அட்டையைப் போலவே இதுவும் பயிற்சியில் ஒரு பாடமாக, செய்து காட்டிப் பழகும் பாடமாக இருக்க வேண்டும். ஆதிக்கச் சாதியிலிருந்து வரும் பணியாளருக்கு இந்தப் பாடம் இன்னும் அதிகம் தேவை. ஊரில் இருக்கும் மையத்துக்கு நம் பிள்ளை நடந்து போய் வாசலில் எப்படி வரவேற்கப்படுகிறது என்பது அவர் கையில் இருக்கிறது. இந்தப் பக்கத்து இருளர் பிள்ளைகளையும், கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது இலக்கிய அரங்கு. நம் பெண்களிடம் தாலாட்டு, நடவுப் பாட்டு, உப்பளத்துப் பாட்டு, விடுகதை எல்லாம் உண்டு. பயிற்சிக்குப் போனால் அவர்களுக்கு ஓர் அச்சடித்த பாட்டைக் கொடுத்துக் கைதட்டச் சொல்கிறார்கள். சொந்த ஊர்ப் பேச்சில் பாடினால் கொச்சை என்று திருத்தப்பட்ட அனுபவத்தைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளை முதலில் கேட்க வேண்டியது அந்தக் கொச்சையைத்தான்.

இந்த இடத்தில் நம் தோழர்களே எழுப்பும் ஒரு மறுப்பு இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. படிப்பு, பட்டயம் என்று உயர்த்திக்கொண்டே போனால் நம் பெண்கள்தான் வெளியே தள்ளப்படுவார்கள் என்கிறார்கள். உண்மை. பத்தாம் வகுப்பாக இருந்த தகுதி பன்னிரண்டானபோதே உப்பளத்துப் பெண்கள் சிலருக்குக் கதவு அடைந்தது. பட்டயம் வேண்டும் என்று நாளைக்கு அறிவித்தால், பணம் கட்டித் தனியார் நிறுவனத்தில் படித்த பெண் வருவார். சேரி மையத்துக்குச் சேரிக்குள் கால் வைக்கத் தயங்குபவர் வருவார். அதனால்தான் நான் பயிற்சி என்று சொல்லவில்லை, பயிற்சிக்கான பொது நிதி என்று சொல்கிறேன். வாசலில் தகுதியை உயர்த்தாதீர்கள். பத்தாவது படித்தவரை, உதவியாளராக இருப்பவரை உள்ளே எடுங்கள். எடுத்த பிறகு ஓராண்டுப் பட்டயம் கொடுங்கள், முழுச் சம்பளத்தோடு. அவர் படிக்கப் போகும் நாளில் மையத்தை நடத்த மாற்றுப் பணியாளருக்கும் பணம் ஒதுக்குங்கள். மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்களில் கட்டடமும் விரிவுரையாளரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். அங்கே நடத்துங்கள். இருபது ஆண்டு செய்த வேலையை அந்தப் படிப்பின் பாதியாகக் கணக்கில் எடுங்கள். முடித்தவருக்கு முன்பருவ ஆசிரியர் என்ற பெயரும் அதற்குரிய ஊதியமும் கொடுங்கள்.

பணம் எங்கே என்பார்கள். 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்குச் சட்டம் போட்டிருக்கிறது. இதில் ஒரு கவனம் வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்குமான பயிற்சியை நம் பங்கிலிருந்து செலவழித்துவிட்டு, தலித் மேம்பாட்டுக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். அது பழைய தந்திரம். பட்டயப் படிப்பு பொது நிதியில் நடக்கட்டும். நம் பெண்கள் விட்டுப்போன பத்தாவது, பன்னிரண்டாவதை முடிக்க உதவித்தொகை, அவர்கள் தங்கிப் படிக்க விடுதி, தலித், பழங்குடிக் குடியிருப்புகளில் புது மையம். இவை அந்தச் சட்டத்தின் நிதியிலிருந்து, தனித் தலைப்பில், பெயர்ப் பட்டியலோடு.

மாணவர்களுக்கு ஒரு வேலை. திருப்போரூர் வட்டாரத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை பணியாளர், எத்தனை உதவியாளருக்கு, எத்தனை நாள் பயிற்சி நடந்தது, எவ்வளவு செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உதவியாளர்களைத் தனியாகக் கேளுங்கள், அவர்களைக் கணக்கில் விட்டுவிடுவார்கள். பதில் வந்ததும் அடுத்த கிராம சபையில் படியுங்கள். நாற்பது பிள்ளைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு எது என்று அம்மாக்களுக்குத் தெரியும், அவர்களோடு நடந்து போய் எண்ணுங்கள். எண்ணும்போது கையில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் இருக்கட்டும், பாட்டுகள் இருக்கின்றன.

முன்வரிசையில் இருக்கும் அம்மா ஏதோ சொல்ல வேண்டும் என்று வெகு நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.